அமுதாவும் அதற்குப் பிறகும்

2019 பிப்ரவரி 7 அன்று ‘கும்பளங்கி நைட்ஸ்’ வெளியானது. இரண்டே வாரங்களில், பிப்ரவரி 21 அன்று, செழியனின் ‘டு லெட்’ தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது. இரண்டிலும் ஷீலா ராஜ்குமார் இருந்தார். ஒன்றில் கணவனைப் பறிகொடுத்து, வயிற்றில் பிள்ளையோடு நிற்கும் சதி. மற்றதில், வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட சென்னைக் குடும்பத்தின் அமுதா. மொழி வேறு, தயாரிப்பு அளவு வேறு, பாத்திரத்துக்குக் கிடைத்த நேரமும் வேறு. ஆனால் இரண்டையும் பார்த்தவர்கள் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: இந்தப் பெண் யார், இத்தனை நாள் எங்கே இருந்தார்?

இத்தனை நாளும் அவர் இங்கேதான் இருந்தார். பரதநாட்டியம் பயின்றவர். 2016இல் ‘ஆறாது சினம்’ படத்தில் சிறு வேடம், ஜீ தமிழின் ‘அழகிய தமிழ் மகள்’ தொடரில் தலைமை வேடம், அம்ஷன் குமாரின் ‘மனுசங்கடா’ என்று ஓசையில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தார். அந்தப் பிப்ரவரிக்குப் பிறகு தமிழ்ச் சுயாதீன சினிமாவைப் பற்றிய எந்தப் பேச்சிலும் ‘வளர்ந்துவரும் நடிகை’ என்ற அடைமொழியோடு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு போதுமான படங்களில் அவர் நடித்துவிட்டார். ‘வளர்ந்துவரும்’ என்று சொல்லியே ஒருவரை மதிப்பிடாமல் ஒத்திப்போடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. எது உயர்ந்தது, எது சாதாரணம், எது தவறிய தேர்வு என்று பிரித்துப் பார்க்கும் காலம் வந்துவிட்டது.

அதற்கு முன் ஒரு தடையை அகற்ற வேண்டும். ஷீலாவைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கிறார்’ என்ற வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். எந்த நடிகரையும் இதைவிடக் குறைத்துப் பேசிவிட முடியாது. அழகு சாதனம் குறைவாக, பருத்திப் புடவையோ நைட்டியோ உடுத்தி, மெல்லப் பேசிவிட்டால் அது தானாக அமைந்த ஒன்று என்று நாம் நம்பிவிடுகிறோம். ‘டு லெட்’டின் அமுதா தானாக அமைந்தவள் இல்லை. அடுக்கடுக்காகக் கட்டப்பட்டவள். எப்படிக் கட்டப்பட்டாள் என்று காட்டினால்தான் ஷீலாவின் திறமையைப் பற்றி உருப்படியாக ஏதாவது சொன்னதாகும்.

படத்தின் காலம் 2007. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் சம்பளம் சென்னையின் வாடகையை ஏற்றிவிட்டிருந்த நேரம். இளங்கோ சினிமாவில் இயக்குநராகும் கனவோடு இருப்பவன். மாதச் சம்பளம் கிடையாது. மனைவி அமுதா, சிறுவன் சித்தார்த். வீட்டுக்காரம்மா ஒரு மாதத்தில் காலி செய்யச் சொல்கிறார். அந்த மாதம் முழுக்க வீடு தேடுவதுதான் கதை. என்ன வேலை, என்ன ஆட்கள், சைவமா அசைவமா என்று போகுமிடமெல்லாம் கேள்வி. செழியன் அடிப்படையில் ஒளிப்பதிவாளர்; ‘தென்மேற்குப் பருவக்காற்று’, ‘பரதேசி’ ஆகியவற்றில் அவர் கண்ணை நாம் அறிவோம். தான் இயக்கிய இந்தப் படத்திலும் அவரே ஒளிப்பதிவு செய்தார். பின்னணி இசையே இல்லை. பிரேமா செழியன் தயாரித்தார். 65ஆவது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம் இதுதான்.

பின்னணி இசை இல்லை என்ற தகவலை ஒரு துணுக்குச் செய்தியாகக் கடந்துவிடுகிறோம். நடிகருக்கு அது பெரிய விஷயம். தமிழ் சினிமாவில் ஒரு பெண் கலங்கும்போது அவள் கலங்குகிறாள் என்பதை முதலில் சொல்வது வயலின், பிறகுதான் முகம். முகம் தவறினாலும் இசை காப்பாற்றிவிடும். எத்தனையோ சுமாரான அழுகைகளை இளையராஜா மறக்க முடியாதவையாக மாற்றித் தந்திருக்கிறார். அந்தத் துணை ‘டு லெட்’டில் இல்லை. குழாய்த் தண்ணீரும் தெரு இரைச்சலும் பக்கத்து வீட்டுப் பேச்சும்தான் இருக்கின்றன. காட்சியில் உணர்ச்சி இருக்க வேண்டுமென்றால் அது நடிகரின் மூச்சிலும் குரலிலும் இருந்தாக வேண்டும்.

ஷீலா இங்கே குரலைக் கையாளும் விதத்தைக் கவனியுங்கள். அமுதாவுக்கு மூன்று குரல்கள். கணவனிடம் ஒன்று: உரிமையும் எரிச்சலும் கலந்தது, பாதி வாக்கியத்தில் விட்டுவிடக்கூடியது. மகனிடம் ஒன்று: விளையாட்டுக்கு இறங்கிவருவது. வீட்டுக்காரம்மாவிடம் மூன்றாவது. அது தணிந்து, சொற்களைக் குறைத்துக்கொண்டு, பதில் சொல்வதற்கும் எதிர்த்துப் பேசுவதற்கும் இடையிலுள்ள கோட்டைத் தாண்டிவிடாமல் நிற்பது. வாடகைக்கு இருப்பது என்றால் என்ன என்பதை வசனமாக எழுதியிருந்தால் நான்கு பக்கம் ஆகியிருக்கும். அந்த மூன்றாவது குரலிலேயே அது முழுக்க இருக்கிறது. வீட்டுக்காரம்மாவாக நடித்த ஆதிரா பாண்டிலட்சுமி அழுத்தமான நடிகை. அவருடைய அதிகாரம் நமக்கு உறைப்பதற்குக் காரணம் அவருடைய அதட்டல் மட்டும் இல்லை. அதை வாங்கிக்கொள்ளும் ஷீலாவின் உடல் சுருங்குவதும்தான்.

இரண்டாவது, அவர் கேட்கும் விதம். அமுதா பெரும்பாலும் கேட்பவள். வீட்டுத் தரகரைக் கேட்கிறாள், வீட்டு உரிமையாளர்களின் விசாரணையைக் கேட்கிறாள், கணவனின் சமாதானத்தைக் கேட்கிறாள். அடுத்து தன் வசனம் வரும்வரை காத்திருக்கும் நடிகர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அவர்களுடைய கண் எதிராளியின் வாயில் இருக்கும், மனம் அடுத்த வரியில் இருக்கும். ஷீலா உண்மையாகவே கேட்கிறார். எதிரில் இருப்பவர் சொல்வது தமக்குப் பாதகம் என்று புரியும் கணம் எதுவோ, அந்தக் கணத்தில் முகம் மாறுகிறது. அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. குடியிருக்கும்போதே வேறு ஆட்களை வீடு பார்க்கக் கூட்டிவரும் காட்சிகளில் இது உச்சத்தைத் தொடுகிறது. தன் சமையலறையையும் படுக்கையறையையும் அந்நியர்கள் எட்டிப் பார்க்கும்போது ஓர் இல்லத்தரசிக்கு ஏற்படும் கூச்சத்தை, கோபமாகவும் மாறாமல் அழுகையாகவும் மாறாமல் அப்படியே பிடித்து நிறுத்துவது கடினமான வேலை.

பரதநாட்டியப் பயிற்சி உள்ளவர் இவ்வளவு அடக்கமாக நடிப்பது எப்படி என்று சிலர் வியந்தார்கள். எனக்கு அதில் முரண் தெரியவில்லை. அபிநயத்தில் பழகியவருக்கு முகத்தின் எந்தத் தசை என்ன சொல்லும் என்று தெரியும். எதை அசைக்கக் கூடாது என்பதும் அந்தப் பயிற்சியிலிருந்தே வரும். அந்தச் சிறிய வீட்டில், கேமரா விலகிப்போகவே இடமில்லாத சட்டகங்களில், அவர் எங்கே நிற்கிறார், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே எப்படித் திரும்புகிறார் என்பதிலும் நாட்டியக்காரரின் இட உணர்வு இருக்கிறது.

இங்கே தராசின் மறுதட்டில் ஒன்றை வைத்தாக வேண்டும். ‘டு லெட்’டைப் பற்றிப் பேசும்போது பாலு மகேந்திராவின் ‘வீடு’ நினைவுக்கு வராமல் இருக்காது. 1988இல் வந்த அந்தப் படத்திலும் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நெருக்கடிதான் தொடக்கம். அர்ச்சனாவின் சுதா, தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு சொந்தமாக வீடு கட்டத் துணிகிறாள். 35ஆவது தேசிய விருதுகளில் அர்ச்சனா சிறந்த நடிகை ஆனார். அடுத்த ஆண்டே நரசிங் ராவின் தெலுங்குப் படமான ‘தாசி’க்காக மீண்டும் அதே விருது.

இரு நடிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கைத்திறனில் ஷீலா எந்த வகையிலும் குறைந்தவர் இல்லை என்று துணிந்து சொல்வேன். கேட்பதில், குரலை அளப்பதில் அமுதா சுதாவுக்கு இணை. ஆனால் பாத்திரமாக அமுதா சுதாவுக்கு இணை இல்லை. சுதா முடிவெடுக்கிறாள். கடன் கேட்கிறாள், ஒப்பந்தக்காரரோடு மோதுகிறாள், ஏமாற்றப்பட்டதும் எதிர்த்து நிற்கிறாள். அவளுடைய ஒவ்வொரு முடிவும் அடுத்த காட்சியைப் பிறப்பிக்கிறது. அதனால் அர்ச்சனாவுக்குத் தயக்கம், துணிவு, பெருமிதம், இடிந்துபோதல் என ஒரு முழுப் பயணம் கிடைக்கிறது. அமுதாவுக்குக் கிடைப்பது எதிர்வினை. முடிவெடுப்பவர்கள் வீட்டுக்காரம்மாவும் இளங்கோவும். அமுதா அந்த முடிவுகளின் விளைவைத் தாங்குகிறாள். படத்தின் நோக்கம் அதுவாக இருக்கலாம். ஒரு மாதச் சம்பளம் இல்லாத வீட்டில், தனக்கென வருமானமும் இல்லாத பெண்ணின் நிலை அதுதான். ஆனாலும் திறனாய்வில் இதைக் குறித்தாக வேண்டும்: ஷீலாவின் ஆகச் சிறந்த நடிப்பு, தாங்குதல் என்ற ஒரு செயலுக்குள் அடங்கியது. அதற்குள் அவர் தொட்ட ஆழம் அரிது. அதன் அகலம் குறைவு.

இந்த அகலக் குறைவு அவருடையதா, எழுதியவர்களுடையதா என்பதுதான் இனிப் பார்க்க வேண்டியது.

‘கும்பளங்கி நைட்ஸ்’ படத்தை மது சி. நாராயணன் இயக்கினார், எழுதியவர் ஸ்யாம் புஷ்கரன். சௌபின் ஷாஹிரின் சஜி தற்கொலைக்கு முயல, அவனைக் காப்பாற்றப்போய் அவனுடைய தமிழ் நண்பன் முருகன் இறந்துபோகிறான். முருகனின் மனைவிதான் சதி. சஜி அவள் காலில் விழுந்து கதறுகிறான். பிறகு அவளைத் தன் வீட்டுக்கு அழைத்து வருகிறான். ஆண்கள் மட்டும் உழன்றுகொண்டிருந்த அந்தப் பாழ்வீடு ஒரு குடும்பமாக மாறுவது அதன்பின்தான். படம் சௌபினுக்கும் பகத் பாசிலுக்கும் சொந்தமானது. சதிக்கு வசனம் மிகக் குறைவு. காலடியில் விழுந்து கிடப்பவனை மன்னித்ததாகவும் காட்டாமல், தண்டித்ததாகவும் காட்டாமல் நிற்கிறாரே, அந்த நிலையில்தான் ஷீலாவின் பங்களிப்பு இருக்கிறது. மன்னிப்பு அங்கேயே கிடைத்திருந்தால் சஜியின் கதை மலிந்துபோயிருக்கும். அவள் முகம் இடம் கொடுக்காததால்தான் பின்னால் அவன் படும் பாடு நமக்கு முக்கியமாகிறது. சிறு வேடத்தால் ஒரு பெரிய படத்தின் சமநிலையைக் காப்பாற்றுவது சாதாரணத் திறமை இல்லை.

ஆனால் ஒரு தீய விளைவும் அங்கிருந்தே தொடங்கியது. தமிழ்த் திரையுலகம் அமுதாவையும் சதியையும் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்ட பாடம், ‘இவர் துயரத்தை நன்றாகத் தாங்குவார்’ என்பது. 2022இல் வந்த ‘ஜோதி’யில் மீண்டும் நிறைமாதக் கர்ப்பிணி, இந்த முறை வயிற்றிலிருந்து குழந்தை களவாடப்படுகிறது. படம் குற்றப் புலனாய்வாக வேகமாக ஓட, பாதிக்கப்பட்டவள் அந்த ஓட்டத்துக்கு ஒரு தொடக்கப் புள்ளியாக மட்டும் எஞ்சுகிறாள். அதே ஆண்டு ஆஹா தளத்தில் வந்த ‘பேட்டைக்காளி’ இதைவிட மேல். ல. ராஜ்குமார் இயக்கிய அந்தத் தொடரில் கணவனை இழந்து, சல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவளாக வருகிறார். மாட்டோடு இருக்கும் காட்சிகளில் அவருடைய கைகள் நம்பும்படி வேலை செய்கின்றன. ஆயினும் வீரமும் வஞ்சமும் ஆண்களுக்கு இடையே நடக்கின்றன. அவளுக்குக் கிடைப்பது மறுபடியும் இழப்பு. விதவை, கர்ப்பிணி, குழந்தையை இழந்தவள் என்று ஒரே வட்டத்துக்குள் ஒரு நடிகையைச் சுற்றவிட்டால் அவருடைய நுட்பங்களே நாளடைவில் பழகிய முத்திரைகளாகிவிடும். ‘ஜோதி’யில் அந்த ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது: ‘டு லெட்’டில் புதிதாக இருந்த அந்தத் தணிந்த குரல் அங்கே பழக்கத்தால் வருகிறது.

இனிச் சங்கடமான இடம். அதைத் தவிர்த்துவிட்டு எழுதும் மதிப்பீடு நேர்மையானதாக இருக்காது.

‘மனுசங்கடா’, இறந்த தந்தையின் உடலைப் பொதுப்பாதை வழியே எடுத்துச்செல்லும் உரிமைக்காக உயர் நீதிமன்றம்வரை போகும் ஒரு தலித் இளைஞனின் கதை. ஆணை கிடைத்தும் அது நடக்க விடப்படுவதில்லை. 2017இல் கோவா திரைவிழாவின் இந்தியன் பனோரமாவில் காட்டப்பட்டு, 2018 அக்டோபரில் வெளியானது. ராஜீவ் ஆனந்த் மையப் பாத்திரம். ஷீலாவின் ரேவதி அவனுக்குத் துணையாக நிற்பவள். படம் கிட்டத்தட்ட ஆவணப்பட நேர்த்தியோடு நகர்வதால் அவருக்குத் தனியாகச் செய்ய அதிகம் இல்லை. கூட்டத்தில் ஒருவராக, இடறாமல் நடித்திருக்கிறார். சாதி ஒரு பிணத்தைக்கூட விடாது என்று சொன்ன அந்தப் படத்தில் நடித்தவர், 2020 பிப்ரவரியில் மோகன் ஜி-யின் ‘திரௌபதி’யில் தலைப்புப் பாத்திரமாக வந்தார். சாதி கடந்த காதல் திருமணங்களைத் திட்டமிட்ட மோசடி என்று சித்திரித்த படம் அது. சாதி எதிர்ப்பு இயக்கங்கள் கண்டித்தன. படம் வணிக வெற்றியும் பெற்றது.

நடிகையைப் படத்தின் அரசியலுக்குப் பொறுப்பாக்கலாமா என்று கேட்பார்கள். வாய்ப்புக்காகக் காத்திருக்கும் ஒருவரிடம், அதுவும் பெண்களுக்குத் தலைமை வேடமே அரிதான துறையில், ‘மறுத்திருக்கலாமே’ என்று சொல்வது எழுதுகிறவனுக்கு எளிது. அதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் அவருடைய மனசாட்சியைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை. சொல்ல வேண்டியது நடிப்பைப் பற்றி. ‘டு லெட்’டில் அமுதா ஒரு மனுஷி, ‘திரௌபதி’யில் திரௌபதி ஒரு கொடி. அவள் கோபப்படும்போது அந்தக் கோபம் அவளுடையதாக இல்லை, இயக்குநரின் மேடைப்பேச்சாக இருக்கிறது. அவளுக்குச் சந்தேகமே வருவதில்லை, எதிராளியைக் கேட்கும் தேவையும் இல்லை. கேட்பதில்தான் ஷீலாவின் பலமே இருக்கிறது என்று மேலே சொன்னேன். கேட்க வேண்டிய அவசியமே இல்லாத பாத்திரத்தில் அவர் கைகட்டப்பட்டவர்போல ஆகிவிடுகிறார். அவருடைய முக்கியமான வேடங்களில் ஆகத் தட்டையானது இதுதான். அது படத்தின் சிந்தனையிலிருந்தே வருகிறது.

இந்தப் படத்தில் இன்னொரு பாடமும் உண்டு. ‘திரௌபதி’ மக்களிடம் நிதி திரட்டி எடுக்கப்பட்ட படம். பெரிய நிறுவனம் இல்லை, நட்சத்திரம் இல்லை. பணம் வந்த வழியை மட்டும் வைத்துப் பார்த்தால் அதுவும் சுயாதீன சினிமாதான். தமிழில் நாம் அந்தப் பெயரைப் பணத்தின் அளவைக் கொண்டு கொடுத்துவருகிறோம். மனிதர்களைப் பார்க்கும் பார்வையில் விடுதலை இல்லாவிட்டால் சிறிய முதலீட்டால் என்ன பயன்? ஒரு நடிகையின் பட்டியலில் ‘டு லெட்’டும் ‘திரௌபதி’யும் ஓராண்டு இடைவெளியில் அருகருகே இருப்பது, அவரைவிட அந்தப் பெயரை வழங்கும் நம்மைப் பற்றியே அதிகம் சொல்கிறது.

தராசு மறுபடி மேலெழுவது ‘மண்டேலா’வில். மடோன் அஸ்வினின் முதல் படம். 2021 ஏப்ரல் 4 அன்று நேரடியாக விஜய் தொலைக்காட்சியில் வெளியாகி, பிறகு நெட்ஃப்ளிக்ஸுக்கு வந்தது. சூரங்குடி என்ற ஊர், இரு சாதிப் பிரிவுகள், உள்ளாட்சித் தேர்தல். பெயர்கூட இல்லாத முடிதிருத்துபவராக யோகி பாபு. சேமித்த பணத்தை அஞ்சலகத்தில் போட வருபவருக்கு அடையாள அட்டை வேண்டும், அட்டைக்குப் பெயர் வேண்டும். அந்தப் பெயர் பிறக்கக் காரணமாக இருப்பவர் அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் தேன்மொழி. நெல்சன் மண்டேலா என்ற அந்தப் பெயரால் வாக்காளர் அட்டை கிடைக்கிறது. அந்த ஒரு வாக்கு ஊரையே புரட்டிப்போடுகிறது.

ஷீலா இதுவரை ஏற்ற வேடங்களில் எனக்கு இரண்டாவதாகப் பிடித்தது தேன்மொழிதான். காரணம் எளிது: இவள் யாருக்கும் மனைவியாகவோ விதவையாகவோ படத்துக்குள் வரவில்லை. வேலைக்காரியாக வருகிறாள், அரசு வேலைக்காரியாக. படிவம் நிரப்பும் கை, முத்திரை குத்தும் கை, எதிரில் நிற்பவனை நிமிர்ந்து பார்த்துக் கேட்கும் கேள்வி. யோகி பாபுவோடு வரும் காட்சிகளில் ஷீலா நகைச்சுவைக்குப் போட்டி போடுவதில்லை. அவர் தரும் நேரத்தை வாங்கி, முகத்தை நேராக வைத்துக்கொண்டு திருப்பித் தருகிறார். அதனால் யோகி பாபுவுக்கும் வழக்கமான உடல் கேலிகளிலிருந்து விலகி, ஒரு மனிதராக உட்கார இடம் கிடைக்கிறது. இருவருக்கும் இடையில் காதல் என்று தெளிவாக எதுவும் இல்லை. ஒருவரை ஒருவர் ஆளாக மதிப்பது இருக்கிறது. தமிழ் சினிமாவில் ஆணும் பெண்ணும் அப்படிப் பேசிக்கொள்ளும் காட்சிகள் எத்தனை? படம் பிற்பகுதியில் இரு வேட்பாளர்களின் கூத்துக்குள் போய்விட, தேன்மொழி ஒதுங்கிப்போகிறாள். எழுத்தில் அது ஒரு குறை. ஆனால் தாங்குதல் மட்டும்தான் ஷீலாவுக்கு வரும் என்ற எண்ணத்தை உடைக்க முதல் பாதியே போதும்.

ஆக, அகலக் குறைவுக்குப் பெரும்பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு என் விடை: எழுதுகிறவர்களுடையது. இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. காளீஸ்வரி சீனிவாசனைப் பாருங்கள். 2015இல் கான் திரைவிழாவின் தங்கப்பனை விருதை வென்ற ‘தீபன்’ படத்தின் நாயகி. ஈழத்துப் போரிலிருந்து பிரான்சுக்கு ஓடும் யாழினியாக அவர் காட்டிய பயமும் தந்திரமும் வேட்கையும் கலந்த நடிப்பு, அந்த ஆண்டின் சிறந்தவற்றுள் ஒன்று. அப்படிப்பட்டவருக்குத் தமிழ் சினிமா தந்தவற்றில் குறிப்பிடத்தக்கது, வஸந்த் எஸ். சாயின் ‘சிவரஞ்சினியும் இன்னும் சில பெண்களும்’ படத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதே படத்தில் நடித்த லட்சுமி ப்ரியா சந்திரமௌலி 68ஆவது தேசிய விருதுகளில் சிறந்த துணை நடிகை. திறமைக்குப் பஞ்சம் இல்லை. பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ ராட்டர்டாமில் புலி விருது வாங்கிய, எனக்கு மிகவும் பிடித்த படம். அதன் கதையும் வீட்டைவிட்டுப் போன மனைவியைத் தேடி நடக்கும் தகப்பனுடையதும் மகனுடையதும். பெண்ணின் துயரமே கதைக்குக் காரணம். நடை ஆண்களுடையது.

வினோத்ராஜே அடுத்த படத்தில் இதைத் திருப்பிப் போட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்டில் வெளியான ‘கொட்டுக்காளி’யில் அன்னா பென்னின் மீனா ஏறக்குறைய பேசவே மாட்டாள். முறைமாமனைக் கட்டமாட்டேன் என்பவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பமே ஆட்டோவில் ஏற்றிச் சாமியாரிடம் கொண்டுபோகிறது. அங்கும் பின்னணி இசை இல்லை. அதனால் அமுதாவோடு ஒப்பிட அதைவிடப் பொருத்தமான நடிப்பு இல்லை. இருவருக்கும் சொல் குறைவு, இசைத் துணை இல்லை, சுற்றிலும் அதிகாரம். வேறுபாடு எழுத்தில் இருக்கிறது: மீனாவின் மௌனம் ஒரு மறுப்பு. அவள் முடிவெடுத்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுகிறாள். சூரியின் பாண்டி அடித்தாலும் கத்தினாலும் அந்த முடிவு அசையாது. அன்னா பென்னுக்கு ஒரு மலையின் உறுதியை நடிக்கக் கிடைத்தது. ஷீலாவுக்கு அமுதாவில் அது கிடைக்கவில்லை. மாறாக, நொடிக்கு நொடி வளைந்துகொடுத்தும் உடையாமல் இருப்பதை நடித்தார். கைத்திறன் என்று மட்டும் பார்த்தால் அமுதாவே கடினமானவள் என்பேன், ஏனென்றால் அசையாமல் இருப்பதற்கு ஒரு நிலை போதும், வளைவதற்குப் பல நிலைகள் வேண்டும். நினைவில் நிற்பது என்று பார்த்தால் மீனா முந்துவாள். மலையாளத்தில் ‘ஹெலன்’, ‘கப்பேளா’ என்று படத்தையே சுமந்து நடக்கும் பாத்திரங்கள் அன்னா பென்னுக்கு முன்பே கிடைத்துவிட்டிருந்தன. தமிழில் அந்த வயதில், அந்தத் திறனில் இருக்கும் நடிகைக்கு அப்படி ஒரு வரிசை அமைவதில்லை. ஐஸ்வர்யா ராஜேஷுக்கு ‘காக்கா முட்டை’க்குப் பிறகு ‘கனா’ போன்றவை அமைந்தன என்று எதிர்வாதம் வரலாம். சரி, அவர் அதற்காக வணிக சினிமாவின் கதவைத் தட்டித் திறக்க வேண்டியிருந்தது. சுயாதீன சினிமா அவருக்கு இரண்டாவது சுதாவைத் தரவில்லை.

2023இல் வந்த ‘நூடுல்ஸ்’ சிறிய படம். மதன் தட்சிணாமூர்த்தி இயக்கியது. ஒரு வீடு, ஓர் இரவு, கணவன், மனைவி, குழந்தை. எதிர்பாராத ஒரு மரணம் வீட்டுக்குள் நிகழ்ந்துவிட, காவல்துறை வாசலில் நிற்கிறது. ஷீலாவும் ஹரிஷ் உத்தமனும் தம்பதி. பரபரப்புப் படம்தான், நுட்பத்தில் ‘டு லெட்’டுக்குப் பக்கத்தில் வராது; ஒரு சில இடங்களில் வசனம் அளவுக்கு மேல் விளக்குகிறது. ஆனால் அங்கே ஷீலாவின் பாத்திரத்துக்கு மறைக்க ஏதோ இருக்கிறது. மறைப்பவள் யோசித்தாக வேண்டும், பொய் சொன்னாக வேண்டும், எதிராளி என்ன யூகிக்கிறான் என்று கணக்கிட்டாக வேண்டும். கேட்பதில் அவருக்குள்ள பலம் முதன்முறையாகத் தற்காப்பு ஆயுதமாகிறது. அமுதாவின் தணிந்த குரலே இங்கும் வருகிறது. ஆனால் அதற்குள் இப்போது திட்டம் இருக்கிறது. ‘ஜோதி’யில் தேய்ந்துவிட்டதோ என்று நான் ஐயப்பட்ட கருவி இங்கே வேறு வேலைக்குக் கூர்மையாகியிருக்கிறது. பாத்திரம் மாறினால் நடிகை மாறுகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

தீர்ப்பாகச் சொல்வதென்றால் இப்படி வரிசைப்படுத்துவேன். அமுதா, தமிழில் கடந்த பத்தாண்டுகளில் வந்த ஆகச் சிறந்த நடிப்புகளில் ஒன்று. அர்ச்சனாவின் சுதாவோடு கைத்திறனில் நிகர், வாய்ப்பில் ஒரு படி கீழ். தேன்மொழி இரண்டாவது, படம் அவளைக் கடைசிவரை கூட்டிச் சென்றிருந்தால் முதலிடத்துக்குப் போட்டியாகியிருப்பாள். ‘கும்பளங்கி’யின் சதி மூன்றாவது, குறைந்த நேரத்தில் நிறைந்த நடிப்பு. ‘நூடுல்ஸ்’ அதற்கு அடுத்து, புதிய திசைக்காக. ‘பேட்டைக்காளி’யும் ‘மனுசங்கடா’வும் குறை சொல்ல முடியாத, தனித்துப் பேசவும் முடியாத வேலைகள். ‘ஜோதி’ தேவையற்றது. ‘திரௌபதி’ தவறு. ஷீலா ராஜ்குமார் முதல் தரமான நடிகை, இதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் முதல் தரமான படவரிசை அவருக்கு இன்னும் அமையவில்லை. அவருக்கு வேண்டியது, கடன் வாங்குபவளாகவோ பொய் சொல்பவளாகவோ வீட்டைவிட்டுக் கிளம்புபவளாகவோ, எதுவானாலும் முதல் காட்சியிலேயே ஒன்றை முடிவுசெய்துவிட்டு மீதிப் படம் முழுக்க அதற்கு விலை கொடுக்கும் ஒரு பெண். அவளைச் செழியன் எழுதினாலும் சரி, மடோன் அஸ்வின் எழுதினாலும் சரி, இன்னும் பெயர் தெரியாத ஓர் இளம் இயக்குநர் எழுதினாலும் சரி. நடிக்க ஆள் தயாராக இருக்கிறார்.